14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக்கில் மிளகாய்ப் பொடி

மெய்க்கீர்த்தி (வெள்ளி, இரவு 9.14)

நேற்று இன்னோர் இழையில் பாசிர்ரிஸ் ரோஜா போட்ட ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "சரித்திர நாவலில் தப்புப் பொறுக்குகிறவர்களுக்குக் காதலிக்கவும் தெரியாது, பயப்படவும் தெரியாது." பதில் எழுதுவதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே.

படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வாசகர் வட்டத்தில் இப்போது கைமாறிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றித்தான் பேச்சு. பெயர் வேண்டாம், எழுதியவர் நமக்கெல்லாம் தெரிந்தவர். கதை 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக்கில், அதாவது பழைய சிங்கப்பூரில் நடக்கிறது. நாகப்பட்டினத்து வணிகன் ஒருவன் ஆற்றுமுகத்தில் செத்துக் கிடக்கிறான். வாழைத்தோப்பில் ஒரு பொந்தியானாக், மலாய்க்காரர்கள் சொல்லும் பெண்பேய், உலாவுகிறது. செத்தவனின் தம்பிக்கும் ஒரு கடலோடிக் குடிப் பெண்ணுக்கும் காதல். நன்றாகவே எழுதியிருக்கிறார். பேய் வருமுன் கெம்போஜாப் பூ வாசம் வருகிற அந்த அத்தியாயத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் கொலை எப்படி நடக்கிறது? வணிகன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுக் குத்துகிறான் ஒருவன். மறுநாள் அவன் விரல்கள் எரிவதையும், நிமிடத்துக்கு ஒரு தடவை கையைத் தண்ணீரில் முக்குவதையும் கவனித்துத்தான் கோயில் மேளக்காரர் துப்புத் துலக்குகிறார்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அந்தப் பக்கம் போனதே 1492இல். போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498. மலாக்காவைப் பிடித்தது 1511. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். ஆக, அந்தக் கொலையே நடந்திருக்க முடியாது. செத்தவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

பாசிர்ரிஸ் ரோஜா (9.31)

வந்துவிட்டார் ஐயா. நான் யார் பெயரையும் சொல்லவில்லையே, தொப்பி பொருந்திவிட்டது போலிருக்கிறது.

செத்துப்போன பெண் வாழைமரத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அதை நம்பிவிட்டீர்கள். அவள் பிடரியில் ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள். அதையும் நம்பிவிட்டீர்கள். ஒரு கை மிளகாய்ப் பொடி மட்டும் தொண்டையில் இறங்கவில்லையா?

தேக்கா டீக்கடை (9.33)

மிளகாய் யாருக்குத்தான் லேசில் தொண்டையில் இறங்கும் லா.

மெய்க்கீர்த்தி (9.50)

இதைத்தான் எதிர்பார்த்தேன். பேய் வேறு, மிளகாய் வேறு. பொந்தியானாக்கை அந்தக் காலத்து மனிதர்கள் நம்பினார்கள். பிரசவத்தில் இறந்த பெண் திரும்பி வருவாள் என்ற அச்சம் அவர்கள் வீட்டுக்குள் இருந்தது. அச்சமும் வரலாறுதான். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. அதை யாரும் குறை சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேய்கள்கூடக் கூழுக்கு மிளகாய் கிள்ளிப் போடவில்லை. ஏனென்றால் செயங்கொண்டார் வீட்டுச் சமையலறையில் மிளகாய் கிடையாது.

இல்லாத தெய்வத்தைக் கும்பிடலாம். இல்லாத பொடியைக் கண்ணில் தூவ முடியாது.

கடாரங்கொண்டான் (10.02)

மிளகாய் சுத்தத் தமிழ்ச் சொல். மிளகு + காய். சொல் தமிழ் என்றால் பொருளும் தமிழனுடையதுதான். எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்வது ஒரு நோய்.

மெய்க்கீர்த்தி (10.09)

தம்பி, உங்கள் சொல்லே என் கட்சிக்குச் சாட்சி. புதிதாக ஒரு காய் வந்தது, மிளகு போலக் காரமாக இருந்தது, மிளகாய் என்றார்கள். முன்பே இருந்திருந்தால் மிளகைக் கடன் வாங்கி எதற்குப் பெயர் வைக்கிறார்கள்? அகநானூற்றில் யவனர் கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று வருகிறது. அங்கே கறி என்றால் மிளகு. பட்டினப்பாலையில் "கருங்கறி மூடை". எங்காவது மிளகாய் மூடை உண்டா? காட்டுங்கள், இழையை மூடிவிடுகிறேன்.

உட்லண்ட்ஸ் பாலம் (10.26)

ஒரு சின்னத் திருத்தம். இந்தோனேசியாவில் மிளகாய்க்கு 'சாபாய்' என்பார்கள். அந்தச் சொல் பழைய ஜாவா மொழியிலேயே இருக்கிறது, 'சப்யா' என்று. அதாவது போர்ச்சுகீசியருக்கு வெகு முன்னால். அப்படியானால் இந்தப் பக்கம் ஏதோ ஒரு காரக்காய் இருந்திருக்கிறது. நாவலாசிரியர் அதைத்தான் நினைத்து எழுதியிருக்கலாமே?

பாசிர்ரிஸ் ரோஜா (10.28)

ஆகா. ஐயா இருக்கிறீர்களா?

தேக்கா டீக்கடை (10.29)

மூன்று நிமிடமாகச் சத்தமில்லை. அலமாரியில் ஏணி போட்டு ஏறியிருக்கிறார்.

மெய்க்கீர்த்தி (10.47)

ஏணி வேண்டியதில்லை. பழைய ஜாவா மொழியில் சப்யா என்பது திப்பிலி இனத்துக் கொடி. இன்றைக்கும் அங்கே 'சாபே ஜாவா' என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் திப்பிலி மாதிரிதான் தருவார்கள். மிளகாய் வந்ததும் பழைய பெயரை அது பறித்துக்கொண்டது. நம் ஊரில் மிளகு பெயர் கொடுத்தது, ஜாவாவில் திப்பிலி பெயர் கொடுத்தது. நண்பர் என் வழக்கை இன்னும் பலமாக்கிவிட்டார், நன்றி.

திப்பிலிப் பொடி தூவினான் என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பாசிர்ரிஸ் ரோஜா (10.55)

நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்த கூட்டம் ஒன்றாவது உண்டா? டிசம்பர் கூட்டத்தில் என் சிறுகதையை வாசித்தேன். சோழ இளவரசி கொய்யாப்பழம் கடிக்கிறாள், ஒரே ஒரு வரி. நாற்பது நிமிடம் கொய்யா எந்த நாட்டுப் பழம் என்று பேசினீர்கள். பரங்கிப்பேட்டை, போர்ச்சுகல், பிரேசில் எல்லாம் வந்தது. என் கதையில் அவள் ஏன் அழுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் வடை ஆறிப்போனதுதான் மிச்சம்.

மெய்க்கீர்த்தி (10.58)

நாற்பது இல்லை, இருபத்தைந்து. கொய்யாவும் அமெரிக்காதான்.

புதுவரவு (11.05)

வணக்கம், நான் புதிது. ஓர் அடிப்படைச் சந்தேகம். சரித்திர நாவல் என்று எதைச் சொல்கிறோம்? நடந்ததை வைத்து எழுதுவதா, நடந்திருக்கலாம் என்று எழுதுவதா? பேய் வந்தால் அது சரித்திர நாவலா, வேறு வகையா? இதை முதலில் முடிவு செய்தால் மிளகாய் தானாகத் தீர்ந்துவிடும் இல்லையா?

கடாரங்கொண்டான் (11.11)

இந்தத் தீவில் தமிழ்ச் சரித்திர நாவலுக்குச் சான்றே வேண்டாம். ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படையோடு வந்து சிங்கப்பூரைப் பிடித்தான். ஆற்றுமுகத்தில் கல்வெட்டு வைத்தான். சிங்கப்பூர்க் கல் என்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் சோழன் பெயர் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மெய்க்கீர்த்தி (11.40)

என் புனைபெயரே மெய்க்கீர்த்தி, கல்வெட்டில் ராஜாவின் வெற்றியைப் பாடும் பகுதி. என்னிடமேவா? ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி வரிசையாக ஊர்ப்பெயர் வருகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். தெமாசெக் என்று எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்.

கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுமுகத்தில் பெரிய மணற்பாறை, அதில் சுமார் ஐம்பது வரி எழுத்து. 1819இல் கண்டார்கள். 1843இல் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கட்டடத்துக்கு இடம் பண்ணவும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்து இன்றுவரை முழுதாகப் படிக்கப்படவில்லை. 2019இல் ஓர் ஆய்வாளர், 'கேசரிவ' என்று ஓரிடத்தில் படிக்கலாம், அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்று சொன்னார். இருக்கலாம். அந்த ஒரு 'லாம்'மை வைத்து ஊரையே எழுதி வாங்கிவிட முடியாது.

கடாரங்கொண்டான் (11.44)

கேசரி! கேசரி என்று வந்துவிட்டதா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தேக்கா டீக்கடை (11.45)

கேசரியில் மிளகாய் போடுவதில்லை. நானும் ஆய்வாளர்தான்.

பாசிர்ரிஸ் ரோஜா (11.59)

அந்தக் கல்லைப் பற்றி மலாய்க்காரர்கள் சொல்லும் கதைதான் எனக்குப் பிடிக்கும். பாடாங் என்ற ஏழை, மீன் திருடும் பூதத்தைப் பிடித்து, அதன் வாந்தியைத் தின்று பலசாலியாகிறான். அரண்மனையில் வேலை கிடைக்கிறது. அவனோடு மோத கலிங்க தேசத்து மன்னன், அதாவது நம் பக்கத்து ராஜா, ஒரு மல்லனை ஏழு கப்பலோடு அனுப்புகிறான். மல்லன் ஒரு பாறையை முழங்கால்வரை தூக்குகிறான். பாடாங் அதையே தலைக்கு மேல் சுழற்றி ஆற்றுமுகத்தில் போய் விழும்படி வீசுகிறான். அதுதான் அந்தக் கல் என்கிறார்கள். ஏழு கப்பல் பொருளும் பந்தயத்தில் போய்விடுகிறது.

இதில் மர்மம் இருக்கிறது, பூதம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதை எழுதியவரிடம் போய் மிளகாய் கணக்கா கேட்டார்கள்?

கடாரங்கொண்டான் (சனி, அதிகாலை 12.06)

நம் ஆள் தோற்றுப்போனான் என்று எழுதியதைப் பெருமையாகப் பகிர்கிறீர்களே அக்கா. தமிழ் மல்லன் முழங்கால்வரைதான் தூக்கினானாம். கதை எழுதியவன் யார்? அதைப் பாருங்கள்.

மெய்க்கீர்த்தி (12.20)

தோற்ற கதையின் வாலையும் படியுங்கள். பாடாங் இறந்து பூரு தீவில் புதைத்தபோது, அதே கலிங்க மன்னன் சமாதிக்குக் கல் செதுக்கி அனுப்பி வைக்கிறான். தோற்றவன் அனுப்பிய மரியாதை அது. ஒரு நல்ல நாவலுக்கு அந்த ஒரு கப்பல் பயணம் போதும். யார் செதுக்கினான், யார் கொண்டுவந்தான், வழியில் என்ன நடந்தது.

அந்த நூலில் மிளகாய் கணக்குக் கேட்கமாட்டேன். ஏனென்றால் அதை எழுதியவர், "இது துப்பறியும் கதை, தடயத்தைப் பின்தொடருங்கள்" என்று வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. நம் நாவலாசிரியர் அழைத்துப் போகிறார். தடயத்தை வைத்துக் கதை நடத்துகிறவன் தடயத்தில் பொய் சொல்லக் கூடாது. விரல் எரிந்தது, அதனால் இவன் கொலைகாரன் என்கிறார். விரல் எதனால் எரிந்தது? மிளகாய். மிளகாய் எங்கே? மெக்சிகோ பக்கம்.

உட்லண்ட்ஸ் பாலம் (12.31)

பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையே கல்கி மூடுபனியாக வைத்துவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயரே வெட்டி வைத்திருக்கிறது. கல்லில் பதில் இருந்தும் நாவலில் நந்தினி என்று கற்பனைப் பெண்ணைக் கொண்டுவந்து குழப்பினார். 1950இலிருந்து 1954வரை பத்திரிகையில் வந்ததை ஊரே காத்திருந்து படித்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மெய்க்கீர்த்தி (12.38)

நந்தினி கற்பனை. சரி. கற்பனைப் பெண்ணை எந்த நூற்றாண்டிலும் பிறக்கவைக்கலாம். மிளகாயை முடியாது.

பாசிர்ரிஸ் ரோஜா (12.40)

பெண்ணை எந்த நூற்றாண்டிலும் பிறக்கவைக்கலாமாம், மிளகாய்க்குத்தான் மரியாதை. இதை அச்சடித்து வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அம்மாவும் பார்க்கட்டும்.

நெறியாளர் (12.44)

குடும்பத்தை இழுக்க வேண்டாம். தலைப்புக்குள் பேசவும்.

தேக்கா டீக்கடை (12.45)

தலைப்பு மிளகாய்தானே? எல்லாரும் தலைப்புக்குள்தான் இருக்கிறார்கள்.

சாங்கி இரவுப்பணி (2.52)

எல்லாருக்கும் வணக்கம். நான் காவல் வேலையில் இருப்பதால் இந்த நேரத்தில்தான் படிக்க முடிகிறது. ஊர் புதுக்கோட்டை. இந்த நாவலை இன்னும் படிக்கவில்லை, வரிசையில் எட்டாவது ஆளாக இருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? எப்போதும் ராஜா, கப்பல், மல்லன் என்றே ஏன் யோசிக்கிறோம்? 1825இலிருந்து இந்தியாவிலிருந்து வந்த கைதிகள் இங்கே எவ்வளவு கட்டியிருக்கிறார்கள். சிட்டி ஹால் பக்கத்தில் இருக்கிற வெள்ளைத் தேவாலயம் அவர்கள் கை வேலை. உள்சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்களாம். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்துச் சுவரைத் தொட்டால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும். ஒருநாள் ஓய்வில் அங்கே போய்த் தூணைத் தொட்டுப் பார்த்தேன். அதே வழவழப்பு. கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோன்றவில்லை.

அதற்கு முன் அங்கே இருந்த கட்டடத்தில் இரண்டு தடவை இடி விழுந்து, பேய் இருக்கிறது என்று ஊரே பேசியிருக்கிறது. புதுக் கோயில் கட்டும்போது அந்த ஆவிகளுக்குப் பலி கொடுக்க அரசாங்கம் தலை வெட்டச் சொல்லியிருக்கிறது, கைதிகளைத்தான் அனுப்புகிறது என்று வதந்தி கிளம்பி, ராத்திரியில் ஆட்கள் வெளியே வரவே பயந்தார்களாம். பேய், கொலைப் பயம், ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்த ஒரு கைதி. இதை யாராவது எழுதியிருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள் அக்கா, ஐயா.

தேக்கா டீக்கடை (காலை 7.10)

முட்டை, சர்க்கரை, தேங்காய். அதுவும் கேசரிதான்.

மெய்க்கீர்த்தி (7.32)

தேவாலயம் கட்டி முடிந்தது 1861. அந்தக் காலத்தில் மிளகாய் தாராளமாகக் கிடைத்தது. அங்கே யார் கண்ணில் வேண்டுமானாலும் தூவட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடாரங்கொண்டான் (8.15)

கைதிகள் வரலாறு எல்லாம் நமக்கு எதற்கு? ஆண்ட இனம் என்று சொல்ல இத்தனை இருக்கும்போது கைவிலங்கைத் தூக்கிக் காட்ட வேண்டுமா? ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு இங்கே இருக்கிற எங்கள் பெருமை புரியாது.

சாங்கி இரவுப்பணி (8.21)

அண்ணே, நீங்கள் பெருமைப்படுகிற ராஜாவும் ஊரிலிருந்து வந்தவர்தானே? வேலைக்குத்தான் வந்தார். முடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், நாங்கள் போகிற மாதிரி.

பாசிர்ரிஸ் ரோஜா (8.30)

தம்பி, அடித்தீர்கள் பாருங்கள்.

கடாரங்கொண்டான் (8.34)

நான் மூன்று தலைமுறை. என் பாட்டனார் செம்பவாங் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். யார் யாருக்குப் பாடம் எடுப்பது?

உட்லண்ட்ஸ் பாலம் (8.52)

இன்னொரு விஷயம். இந்த நாவல் பிடிஎஃப் ஆக வாட்சாப்பில் சுற்றுகிறது. வரிசையில் எட்டாவது ஆள் என்கிறவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே கைப்பேசியில் படித்துவிட்டார்கள். எழுதியவர் சொந்தக் காசைப் போட்டு அச்சடித்தவர். அதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள்.

சாங்கி இரவுப்பணி (8.55)

என்னைச் சொல்கிறீர்களா? எனக்கு யாரும் அனுப்பவில்லை. அனுப்பினாலும் படிக்கமாட்டேன்.

உட்லண்ட்ஸ் பாலம் (8.56)

பெயர் சொல்லவில்லையே.

புதுவரவு (9.20)

மன்னிக்கவும், நான் நேற்றுக் கேட்டது மேலே போய்விட்டது. சரித்திர நாவல் என்று எதைச் சொல்கிறோம்?

மெய்க்கீர்த்தி (9.41)

பிடிஎஃப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அச்சுப் பிரதிதான் படித்தேன். மிளகாய் முதலில் வருவது 88ஆம் பக்கம். அதற்குப் பிறகு 143, 212, 213, 260. ஐந்து இடங்கள். 212இல் மட்டும் மூன்று தடவை. அச்சுப்பிழை என்று தப்பிக்க முடியாது.

பாசிர்ரிஸ் ரோஜா (9.58)

பக்க எண் மனப்பாடம். இருக்காதா பின்னே? அந்தப் பிரதி வட்டத்துக்காக எல்லாரும் ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டு வாங்கியது. அது இப்போது என் கையில் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சில். "தவறு." "தவறு!" "மிகத் தவறு." எண்ணிப் பார்த்தேன், 31 இடம். அந்தப் பெண் படகில் அவனுக்காகக் காத்திருக்கிற இடம், நாவலிலேயே அழகான பக்கம், அங்கே ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? "அன்று அமாவாசை. நிலா எப்படி?"

மெய்க்கீர்த்தி (10.03)

அமாவாசை என்று முந்தின அத்தியாயத்தில் அவரே சொல்கிறார். பிறகு நிலா காய்கிறது. நான் என்ன செய்ய?

பாசிர்ரிஸ் ரோஜா (10.20)

நான் ஏன் இந்த மாதிரி நாவல் படிக்கிறேன் என்று ஒருதடவை சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928இல் நீர்த்தேக்கத்துக்கு மண் தோண்டியபோது கூலியாட்கள் கையில் தங்க நகை கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டு நகை. காலமுகம் என்ற பூதமுகம் செதுக்கிய தோள்வளை, காதணி. அரும்பொருளகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் என் மூச்சுப் பட்டு மங்குகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். யார் போட்டிருந்தாள்? கழற்றி ஏன் புதைத்தாள்? ஓடினாளா, ஒளித்தாளா, யாருக்காவது கொடுக்க வைத்திருந்தாளா? எந்தக் கல்வெட்டும் சொல்லாது. மெய்க்கீர்த்தி ராஜாவைப் பாடும், அவளைப் பாடாது. அந்த ஓட்டையை ஒரு நாவலாசிரியர்தான் அடைக்கமுடியும். அடைக்கும்போது கையில் கொஞ்சம் மிளகாய் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும்.

தேக்கா டீக்கடை (10.22)

அக்கா, இதற்கு ஒரு கோப்பி என் கணக்கில்.

மெய்க்கீர்த்தி (10.51)

அழகாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிறுகதைகளைவிட இது நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்களே பாருங்கள், நகை 14ஆம் நூற்றாண்டு என்று சொன்னீர்கள். காலமுகம் என்று சொன்னீர்கள். எந்த வருடம் கிடைத்தது என்று சொன்னீர்கள். அந்த உறுதி இருப்பதால்தானே கண்ணாடி முன்னால் உருகினீர்கள்? அது போன மாதம் கடையில் வாங்கிய கவரிங் என்று தெரிந்தால் மூச்சுப் பட்டிருக்குமா? எனக்கு அந்த மிளகாய் கவரிங்.

செஜாரா மெலாயுவில் ராஜா சூரன் கதை வருகிறதே, சீனா மீது படையெடுக்கத் தெமாசெக்வரை வருகிறான். சீன ராஜா ஒரு கப்பலில் பல் விழுந்த கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும் ஏற்றி அனுப்புகிறான். "சீனாவிலிருந்து புறப்படும்போது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் கைத்தண்டி இரும்புக் கம்பிகள், இந்த மரங்கள் விதைகள்" என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று ராஜா திரும்பிவிடுகிறான். அந்தக் கிழவர்கள் பொய்யர்கள். ஆனால் ஊசிக்கு நிஜமாகவே துரு ஏற்றியிருந்தார்கள். பளபளவென்று புது ஊசியை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் ராஜா நம்பியிருப்பானா? நாவலாசிரியர் பொய் சொல்லட்டும், துருவை ஏற்றிவிட்டுச் சொல்லட்டும்.

கடாரங்கொண்டான் (10.58)

சீனாக்காரன் ஏமாற்றிய கதையையும் பெருமையாகச் சொல்கிறார் பாருங்கள்.

சாங்கி இரவுப்பணி (பிற்பகல் 1.15)

தூங்கி எழுந்து பார்த்தால் இவ்வளவு ஓடியிருக்கிறது. ஐயாவிடம் பணிவாக ஒன்று. முதல் பதிவில் கெம்போஜாப் பூ வாசம் வருகிற இடத்தில் உடம்பு சிலிர்த்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் காவல் இருக்கிற கூண்டுக்குப் பக்கத்தில் அந்த மரம்தான் நிற்கிறது. நம் ஊரில் ஈழத்தலரி என்போம். ராத்திரி வாசம் தூக்கும். பூ விழுந்தால் மேசையில் எடுத்து வைத்துக்கொள்வேன். அதனால் அந்த மரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரம்தானாம். மிளகாய் மாதிரியே பின்னால் வந்தது. அப்படியானால் 14ஆம் நூற்றாண்டில் பொந்தியானாக்குக்கு அந்த வாசம் எப்படி வந்தது?

பாசிர்ரிஸ் ரோஜா (1.17)

ஐயோ கடவுளே.

தேக்கா டீக்கடை (1.17)

லா லா லா லா.

உட்லண்ட்ஸ் பாலம் (1.20)

ஐயா வருவார். ஏணி போட்டிருக்கிறார்.

பாசிர்ரிஸ் ரோஜா (1.24)

31 "தவறு" எழுதினீர்களே, கெம்போஜா வருகிற பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? இதோ புத்தகம் மடியில் இருக்கிறது. "அருமை" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறீர்கள். இரண்டு கோடு.

மெய்க்கீர்த்தி (மாலை 4.05)

வெளியே போயிருந்தேன், பேரனுக்கு நீச்சல் வகுப்பு.

பூவைப் பற்றி. தம்பி சொன்னது கவனிக்கத்தக்கது. ஆனால் பூ தடயம் அல்ல, சூழல். பூவை எடுத்துவிட்டாலும் பேய் வரும், கதை நடக்கும். மிளகாயை எடுத்தால் கொலைகாரன் பிடிபடமாட்டான். இரண்டும் ஒன்றல்ல. தவிர, 'கெம்போஜா' என்று ஆசிரியர் எழுதியது வேறு ஏதாவது பழைய பூவாகவும் இருக்கலாம்.

பாசிர்ரிஸ் ரோஜா (4.07)

வேறு ஏதாவது பூவாக இருக்கலாமா? அப்படியானால் மிளகாயும் வேறு ஏதாவது காயாக இருக்கலாமே!

மெய்க்கீர்த்தி (4.11)

மிளகாய் என்றால் மிளகாய்தான்.

கடாரங்கொண்டான் (4.13)

அதைத்தானே நான் நேற்றிலிருந்து சொல்கிறேன். மிளகு + காய். தமிழ்.

புதுவரவு (4.30)

சரி, நான் வேறு குழுவில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

நெறியாளர் (5.00)

அடுத்து யாருக்குப் புத்தகம் என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டு இழையை மூடலாம். இரவுப்பணி தம்பிக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டதாகத் தனிச்செய்தி வந்தது. ரோஜா அக்கா, எங்கே கொடுக்கலாம்?

பாசிர்ரிஸ் ரோஜா (5.12)

ஞாயிறு மாலை பாசிர் ரிஸ் எம்ஆர்டி வாசலில் தருகிறேன் தம்பி. பென்சிலை எல்லாம் ரப்பர் போட்டு அழித்துவிட்டேன், சுத்தமாகப் படிக்கலாம். 212ஆம் பக்கத்தில் மட்டும் அழிக்க முடியவில்லை. அங்கே யாரோ சாப்பிட்டுக்கொண்டே படித்து சம்பல் சிந்தியிருக்கிறார்கள். கறைக்கு மேல் ரப்பர் ஓடமாட்டேன் என்கிறது.

மெய்க்கீர்த்தி (5.13)

அழித்துவிட்டீர்களா? முப்பத்தொன்றையுமா? யாரைக் கேட்டு?

தேக்கா டீக்கடை (5.20)

அந்தக் கறை நான்தான். மன்னிக்கவும். நாசி லெமாக்.

மெய்க்கீர்த்தி (5.21)

212ஆ? 212இலா மிளகாயைச் சிந்தினீர்கள்?